இருபத்தேழு முறை திறந்த மூடி

அந்தப் பெட்டி போடியில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆறு ஐம்பதுக்கு. மருமகள் அதைக் கேரளத்துப் பூப்பாறையில் வாங்கி, ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு, போடிமெட்டு இறக்கத்தின் பதினேழு வளைவுகளையும் கடந்து கொண்டுவந்திருந்தாள். ஜீப்பில் அவளோடு சேர்த்துப் பதினோரு பெண்கள். பெட்டியையும் ஓர் ஆளாகக் கணக்கெடுத்தால் பன்னிரண்டு என்று டிரைவர் சொன்னாராம்.

பார்வைக்கு அது பெரிய எவர்சில்வர் தூக்குவாளி போல இருந்தது. வெளியே ஒரு சுவர், உள்ளே ஒரு சுவர், இரண்டுக்கும் நடுவில் சூட்டை வெளியே விடாத ஏதோ ஒன்று. உள்ளே இறக்கிவைக்க மூடி போட்ட ஒரு பாத்திரம். அதற்கு மேல் இன்னொரு மூடி, அதற்கு இரண்டு கொக்கி. மலைக்கு அந்தப் பக்கம் இதைச் சூடாறாப் பெட்டி என்கிறார்கள். ஏலத்தோட்டங்களுக்குப் போய்வருகிற எங்கள் ஊர்ப் பெண்களும் அதே பெயரைத்தான் சொல்கிறார்கள். அரிசியையோ பயறையோ காலையில் பத்து இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, கொதியோடு உள்ளே இறக்கி மூடிவிட்டால் போதும். அடுப்பு வேண்டாம், கரண்டு வேண்டாம், ஆளும் வேண்டாம். தன் சூட்டிலேயே மெதுவாக வெந்து, சாயங்காலம் திறக்கும்போது ஆவி பறக்குமாம்.

ஆள் வேண்டாம் என்பதுதான் எனக்கு உறுத்தியது.

எனக்கு வயது எழுபத்து நான்கு. முப்பத்து மூன்று வருடம் அரசாங்கத்தில் மழை அளக்கும் வேலை பார்த்தேன். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளந்து, நோட்டில் எழுதி, மூட வேண்டும். மழை பெய்யாத நாளிலும் திறந்து பார்த்துத்தான் பூஜ்யம் என்று எழுத வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதினால் அது பொய்க்கணக்கு. அப்படி நான் எழுதிய பூஜ்யங்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஓய்வு பெற்றபோது மற்றவர்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டது ஒரு தெர்மாமீட்டர். ஒரு முழ நீளம், நூற்றுப்பத்து டிகிரி வரை காட்டும். அதற்குப் பிறகு அளக்க ஒன்றும் கிடைக்காமல், தெருவில் போகும் பஸ்களையும் என் மாத்திரைகளையும் மனைவியின் பெருமூச்சுகளையும் எண்ணிக்கொண்டு காலம் தள்ளிவந்தேன்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். மகன் ஊருக்குள் ஓர் ஏலக்காய்க் கடையில் காயைத் தரம் பிரிக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறான். காலை ஒன்பதுக்குப் போனால் இரவு ஏழரைக்கு வருவான். மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. மருமகள் பட்டம் படித்தவள். மெட்டுக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டில் அவளை ரைட்டராக வரச்சொல்லிக் கேட்டிருந்தார்கள். யார் யார் வேலைக்கு வந்தார்கள், யார் எத்தனை கிலோ காய் எடுத்தார்கள், காய் உலர்த்தும் ஸ்டோரில் எப்போது தீ மூட்டினார்கள் என்பதையெல்லாம் எழுதிவைக்கும் வேலை. அதுவரை அங்கே ஆண்களே பார்த்துவந்த வேலை. ஒரு மாதம் வந்து பார், பிறகு சொல் என்றிருந்தார் மேனேஜர். பெட்டி வந்த அன்று மூன்று வாரம் முடிந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு அவர் சம்பளம் போட வருவார். அப்போது வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அவள் சொல்லியாக வேண்டும்.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அது அவள் நடையிலேயே தெரிந்தது. ஆனால் காலை ஐந்தே முக்காலுக்கு ஜீப் ஏறி, சாயங்காலம் ஆறு ஐம்பதுக்கு இறங்கி, அதற்குப் பிறகு நான்கு பேருக்கு அடுப்பில் நிற்க வேண்டியிருந்தது. அந்த மூன்று வாரத்தில் இரண்டு முறை அவள் அடுப்படியில் நின்றுகொண்டே தூங்கியதை நான் பார்த்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு வழி பிறந்தால் போவேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன் என்று அவளே சொல்லிவிட்டாள். அந்த வழிதான் இந்தப் பெட்டி.

பிரஷர் குக்கர் இல்லையா, வீட்டில் சும்மா இருக்கும் கிழவன் இல்லையா என்று வாசகர் கேட்கலாம். இரண்டும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைக்கக் கூடாது என்று வீட்டில் ஒரு தடை இருந்தது. ஒரு தடவை பருப்புக்கு நான்கு விசில் எண்ணி நிறுத்தச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் சரியாக நான்கு எண்ணி நிறுத்தினேன். அதில் இரண்டு எங்களுடையது, இரண்டு அவர்களுடையது. எண்ணிக்கையில் பிழை இல்லை, குக்கரில்தான் பிழை. இருந்தாலும் அன்றிலிருந்து என்னை அடுப்பிடம் விடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மருமகள் போனில் தோட்டத்துப் பெண்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு பட்டியல் எழுதினாள். பதினோரு சாப்பாடு. சிவந்த, தடித்த மட்டை அரிசிச் சோறு. இரவே ஊறப்போட்ட கொண்டைக்கடலைக் குழம்பு. ஆட்டு எலும்புக் குழம்பு. வெந்தயமும் பூண்டும் தேங்காயும் போட்ட கஞ்சி. பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை. பாலில் அரிசி போட்டு மூடிவைத்தால் பகல் பூராவும் சுண்டாமலே சுண்டி லேசாகச் சிவந்துபோகும் ஒரு பாயாசம்கூட அதில் இருந்தது. எல்லாவற்றுக்கும் செய்முறை ஒன்றுதான்: கொதிக்கவை, இறக்கு, மூடு, போ. பட்டியலின் அடியில் ஒரு வரி எழுதி, அதையே தனிச்சீட்டில் பெரிதாக எழுதிப் பெட்டியின் மேல் மூடியிலும் ஒட்டினாள்: சாயங்காலம் வரை திறக்கக் கூடாது.

நான் அந்தச் சீட்டைப் படித்தேன். நான் படித்தவன். ஆனால் அது பொறுப்பில்லாதவர்களுக்கு எழுதியது என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு மட்டை அரிசி பெட்டிக்குள் போயிற்று. ஐந்தே முக்காலுக்கு ஜீப் போயிற்று. ஒன்பதுக்கு மகன் போனான். ஒன்பதே காலுக்கு மனைவி சாமி படத்துக்கு முன் உட்கார்ந்து கண்ணை மூடினாள். நான் கொக்கி இரண்டையும் நீக்கி, மூடி இரண்டையும் தூக்கி, தெர்மாமீட்டரை விட்டேன். எண்பத்தொன்பது டிகிரி. டைரியில் எழுதினேன். பத்தேகாலுக்கு எண்பத்து மூன்று. மனைவி டிவியில் தொடர் பார்க்கும் நேரம், மதியம் படுக்கும் நேரம் என்று இடம் பார்த்துத் திறந்ததில் அன்று மொத்தம் ஆறு தடவை. சாயங்காலம் நான்குக்கு ஐம்பத்தாறு. பெட்டி சூட்டை இழக்கிறது என்பது எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் புலப்பட்டது. யாரோ இழக்கவைக்கிறார்கள் என்பது தோன்றவில்லை.

ராத்திரி மருமகள் சோறு பரிமாறினாள். ஒவ்வொரு அரிசியும் வெளியே வெந்திருந்தது. நடுவில் ஓர் எலும்பு இருந்தது. மகன் வெளியே போய்ப் பத்துப் பரோட்டா வாங்கிவந்தான்.

செவ்வாய்க்கிழமை கொண்டைக்கடலை. முந்தைய நாளின் அளவுகளுக்கு நடுவே இடைவெளி அதிகமாக இருந்ததாகப் பட்டதால், அன்று ஒன்பது தடவை திறந்தேன். கடலையை வாயில் போட்ட மகன், மென்று பார்த்துவிட்டு, இதை வைத்துப் பல்லாங்குழி ஆடலாம் என்றான். பன்னிரண்டு பரோட்டா. புதன்கிழமை ஆட்டு எலும்புக் குழம்பு. அன்று பன்னிரண்டு தடவை. மூன்று நாளில் மொத்தம் இருபத்தேழு. குழம்பு புளித்த வாடை அடித்தது. தெருவில் கொட்டியபோது நாய் ஒன்று மோந்து பார்த்து, கொஞ்சம் யோசித்து, போய்விட்டது. மறுபடியும் பரோட்டா. அதற்குள் என் வயிறும் தன் கணக்கைக் காட்டத் தொடங்கியிருந்தது.

அன்று இரவு மருமகள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டாள். வீட்டில் யாருக்கு அறிவியல் தெரியும் என்ற கேள்வி வந்தால் என் பக்கம்தான் திரும்புவார்கள்.

"மாமா, நீங்களே சொல்லுங்க. அம்புட்டுப் பேரு வீட்டுலயும் வேகுது. நம்ம வீட்டுல மட்டும் ஏன் வேக மாட்டேங்குது?"

பெட்டியில் குறை இருக்கிறது, சூடு நிற்கவில்லை என்றேன்.

"தொறக்காம எப்பிடி மாமா தெரியும்?"

"பாத்தாலே தெரியுது தாயி."

டைரி என் சட்டைப்பைக்குள் இருந்தது. மனைவி ஏனோ அன்று சீக்கிரமே படுக்கப் போனாள்.

வியாழக்கிழமை மருமகள் பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். அங்கே வைத்துப் பார்த்து, குறை இருந்தால் திரும்பும்போது பூப்பாறைக் கடையில் மாற்றிக்கொள்வதாகத் திட்டம். முந்தின நாளே ஊறப்போட்டிருந்த கடலையைத் தோட்டத்து ஷெட்டில் காலை ஏழு மணிக்குக் கொதிக்கவிட்டு மூடிவைத்தார்களாம். சாயங்காலம் அவள் ஜீப்பிலிருந்து பெட்டியோடு இறங்கினாள். மாற்றவில்லை. அதே பெட்டி.

"அங்க பஞ்சு மாதிரி வெந்துருச்சு அத்தை. மத்தியானம் எட்டுப் பேரு சாப்ட்டோம். பெட்டி நல்ல பெட்டிதான்."

"பெறகு இங்க வந்தா மட்டும் என்ன வந்துச்சாம் அதுக்கு?" என்றாள் மனைவி. குரலில் கொஞ்சம் அவசரம் இருந்தது.

ஜீப்பில் வந்த பெண்கள் வழியெல்லாம் இதைப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மலைக்குளிரில் பெட்டி விறுவிறுப்பாக வேலை செய்கிறதாம்; போடி வெக்கையில் அதற்குச் சோம்பல் வந்துவிடுகிறதாம். டிரைவருக்கு மாற்றுக் கருத்து: வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி உள்ளே ஏதோ கழன்றிருந்து, மறுபடி ஏறும்போது பொருந்திக்கொண்டது. மகன் எங்கள் குழாய்த் தண்ணீரைக் குறை சொன்னான். மனைவி பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணைக் குறை சொன்னாள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கத் தொடங்கினேன். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அதனால் மலையில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும். அப்படியானால் அங்கே பெட்டிக்குள் போகிற சூடே இங்கே போவதைவிடக் குறைவு. குளிரும் அங்கே அதிகம். ஆகவே நியாயப்படி அங்கேதான் வேகக் கூடாது, இங்கேதான் வேக வேண்டும். பெட்டி ஒன்று, கடலை ஒன்று, நேரம்கூட அங்கேதான் குறைவு. அங்கே இல்லாமல் இங்கே மட்டும் இருக்கிற ஒன்று எதுவென்று பார்த்தால்...

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"சொல்லுங்க மாமா."

"தொண்ட கட்டுது" என்று எழுந்து, தண்ணீர் குடிக்கப் போனேன்.

முப்பத்து மூன்று வருடம் மழைமானியைத் திறந்து பார்த்தவன். நான் பார்த்ததால் ஒரு துளி கூடியதில்லை, ஒரு துளி குறைந்ததில்லை. பார்ப்பதாலேயே ஒரு காரியம் கெட்டுப்போகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அப்படித்தான் அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உடனே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மனைவியை நினைத்தேன். விசில் விஷயம் நடந்து நான்கு வருடம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு முறையாவது அது இன்னும் பேச்சில் வருகிறது. இருபத்தேழு என்றால் எத்தனை வருடத்துக்கு வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ஆயுள் போதாது.

ஆகவே வேறு வழியைத் தேர்ந்தேன். நாளைக்குத் திறக்காமல் இருப்பது. அது வெந்துவிடும். அவள் சந்தோஷமாக வேலைக்குப் போவாள். எதனால் வெந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை தட்டைப்பயறு. ஒரு தடவைகூட நான் அடுப்படிப் பக்கம் போகவில்லை. முன்னறையில் நாற்காலியைத் தெருவைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கை தானாக எழுந்தது. அதன் மேல் மறு கையை வைத்து அமுக்கினேன். இருபத்திரண்டு ஆட்டோ, ஒன்பது ஜீப்பு, வேன் நான்கு. குளிக்கப் போனது பத்தரைக்கு. மதியம் மருந்துக்கடை வரை போய்வந்தேன். அவ்வளவுதான். டைரியில் பெருமையோடு எழுதினேன்: பூஜ்யம்.

ராத்திரி திறந்தார்கள். பயறு வேகவில்லை.

அந்தக் கணத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மருமகள் கண் கலங்கி நிற்கிறாள். நானோ விடுதலை கிடைத்த கைதி மாதிரி உள்ளுக்குள் துள்ளுகிறேன். காரணம் நானில்லை. பெட்டிக்கு உண்மையிலேயே போடி ஒத்துக்கொள்ளவில்லை போலும். ஜீப்புப் பெண்களின் சோம்பல் கொள்கையைக்கூட அப்போது மரியாதையோடு யோசித்தேன். அன்று பரோட்டாவை நான் ஒன்று அதிகமாகச் சாப்பிட்டேன்.

அவள் மட்டும் சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவைத்தாள். "நாளைக்கு நாலு மணிக்கு மேனேஜர் வருவாரு. வரலன்னு சொல்லிர்றேன்" என்றாள். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வேணாம். தெனமும் எல்லாரையும் பட்டினி போட்டுட்டு எனக்கு என்ன சோலி வேண்டிக்கெடக்கு" என்று அவளே முடித்துவிட்டாள். மறுநாளுக்கு ஊறப்போட்ட மொச்சை இருந்தது. வீணாக்க வேண்டாமே என்று அதைக் காலையில் பெட்டியில் போடுவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை காலை மொச்சையைக் கொதிக்கவைத்து அவள் இறக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஹாரன் அடித்தது. இரண்டு மூடியையும் போட்டுவிட்டு வெரசாக ஓடினாள். வழக்கமாகப் போகும்போது சொல்லும் "போயிட்டு வர்றேன் மாமா" அன்று வரவில்லை.

வீட்டில் இருந்தால் பெட்டி கண்ணில் படும் என்று ஒன்பதரைக்கே குடையில்லாமல் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, மலைக்குப் போகும் ஜீப்புகளை எண்ணலாம் என்று எண்ணம். பதினான்கு எண்ணியிருப்பேன், மேற்கிலிருந்து சாரல் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தேன். வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது. மணி பத்து இருபத்தைந்து.

அடுப்படியில் என் மனைவி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பெட்டி. இரண்டு மூடியும் தரையில். வலது கையில் கரண்டி. இடது கையில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர். அதில் பாதி ஏற்கெனவே பெட்டிக்குள் போயிருந்தது.

"என்ன பண்ற?" என்றேன்.

அவள் திடுக்கிடவில்லை. "உப்புப் பாக்குறேன்."

"தொறக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கு."

"எழுதுனவளுக்கு உப்புப் பாக்காம ஆக்கத் தெரியலாம். எனக்குத் தெரியாது. அம்பது வருசமா பாத்துப் பாத்துத்தான் ஆக்கியிருக்கேன்."

"எத்தன நாளா?"

"திங்கக்கெழமையில இருந்து. நீங்க பத்தரைக்குக் குளிக்கப் போவீங்கல்ல, அப்ப ஒருக்க. மருந்துக் கடைக்குப் போவீங்கல்ல, அப்ப ஒருக்க. தண்ணி வத்துன மாதிரி இருந்தா கொஞ்சம் ஊத்துவேன்."

கொதிக்கிற குழம்பில் தினமும் இரண்டு டம்ளர் பச்சைத் தண்ணீர். என் தெர்மாமீட்டர் காட்டிய இறக்கத்தில் எத்தனை டிகிரி என்னுடையது, எத்தனை டிகிரி இவளுடையது என்று பிரிக்க முடியாமல் என் மூன்று நாள் கணக்கே பாழாகிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. "நீ பண்ணுன வேலைக்கு அந்தப் பிள்ள வேலைய விடப்போகுது" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க அந்தக் கண்ணாடிக் குச்சிய விட்டு விட்டு எடுத்தது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? மூணு நாளா அதுல கஞ்சியும் மஞ்சத்தூளும் ஒட்டியிருந்துச்சு. கழுவி வச்சதே நான்தான்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எதுக்குத் தொறந்தன்னு கேப்பீங்கல்ல."

நான் ஒரு மொச்சையை எடுத்து நசுக்கிப் பார்த்தேன்; கல்லாக இருந்தது. இரண்டு மூடியும் இன்னும் தரையில்தான் கிடந்தன.

பிறகு நான் அடுப்பைப் பற்றவைத்தேன். தடை வந்த நாளிலிருந்து அதுதான் முதல் முறை. அவள் முக்காலியில் இருந்தபடியே உத்தரவு போட்டாள்: தீயைக் கூட்டுங்க, இந்தப் பக்கம் திருப்புங்க, அது குறைக்கிறது. பாத்திரத்தைத் தூக்கிவைத்து, தளதளவென்று கொதி வந்ததிலிருந்து இருபது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து நின்றேன். பக்கத்து வீட்டில் ஏதோ விசில் அடித்தது. நான் அதைச் சட்டை செய்யவில்லை. கொதியோடு இறக்கி, இரண்டு மூடியும் போட்டு, இரண்டு கொக்கியும் மாட்டினேன். மணி பதினொன்று ஐந்து.

"சாயங்காலம் அவ வந்து தொறக்கும்போது குழைஞ்சிருக்கும். ஒண்ணும் வெளிய வரப்போறதில்ல" என்றாள் மனைவி, நிம்மதியாக.

எனக்கும் ஒரு நிமிடம் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகுதான் மணியைக் கணக்கிட்டேன். பெட்டியை மருமகள் திறப்பது ஏழுக்கு. மேனேஜரிடம் வரவில்லை என்று சொல்வது நான்குக்கு. மூன்று மணி நேரம் இடிக்கிறது. மொச்சை எவ்வளவு நன்றாக வெந்தாலும் அதற்குள் வேலை போயிருக்கும்.

போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பாறை மேல் மட்டும்தான். மத்தியானம் சாப்பிடும்போது பெண்கள் அங்கே ஏறி உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுவார்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஆனாலும் மனம் பொறுக்காமல் பதினான்கு தடவை அடித்தேன். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் மனைவியின் பார்வை பெட்டிப் பக்கம் போனது. என் பார்வையும் போனது. ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டோம். யார் பேசுவது என்றும் ஒரு விவாதம் நடந்தது. "நீங்கதான் நெறையத் தடவ தொறந்தீங்க. நான் உப்புத்தான பாத்தேன்" என்று அவள் போனை என் கையிலேயே விட்டுவிட்டாள்.

ஒன்று பத்துக்குப் போன் மணி அடித்தது. எடுத்ததும் மருமகளின் குரல் பதறியது.

"என்னாச்சு மாமா? அத்தைக்குக் காலு..."

"காலுக்கு ஒண்ணும் இல்ல தாயி. பெட்டி விசயம். நீ வரலன்னு சொல்லிறாத. பெட்டியில ஒரு குறையும் இல்ல. நான்தான் தொறந்தேன்."

"என்ன மாமா? விட்டு விட்டுக் கேக்குது. எத தொறந்தீங்க?"

"மூடிய. சூடு எவ்வளவுன்னு பாக்குறதுக்கு."

"எத்தன தடவ?"

சொன்னேன். கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள். மறுபடி சொன்னேன். பாறை மேல் காற்று வேறு. மூன்றாவது தடவை நான் இருபத்தேழு என்று சொன்னது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அங்கே பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது.

போனில் காற்று மட்டும் கேட்டது. ஒன்பது நொடி எண்ணினேன். பிறகு சிரிப்பு வெடித்தது. ஒருத்தியின் சிரிப்பல்ல, பத்துப் பதினைந்து பேரின் சிரிப்பு. சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. அதற்குள் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பெயரை நான் எடுக்கவில்லை.

"மாமா, இப்பப் பெட்டி மூடியிருக்கா?"

"மூடியிருக்கு."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"பக்கத்துலதான்."

"கொஞ்சம் தள்ளிப் போங்க." பிறகு குரல் மாறியது. சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "நாலு மணிக்கு அவருகிட்ட வர்றேன்னே சொல்லிர்றேன் மாமா."

லைன் அறுந்தது. மனைவி என் கையை விட்டாள். "வாயத் தொறந்து சொல்லிட்டீங்களே" என்றாள். நாற்பத்தொன்பது வருடத்தில் அவள் என்னைப் பாராட்டியது இதையும் சேர்த்து ஆறு தடவை இருக்கும்.

சாயங்காலம் ஜீப் வழக்கம்போலத் தெருமுனையில் நிற்காமல் எங்கள் வாசல் வரை வந்தது. உள்ளே மற்றப் பத்துப் பெண்களும் என்னைப் பார்ப்பதற்காகவே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்ன அப்பு, இன்னைக்கு எத்தன?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், யாரும் நம்பினதாகத் தெரியவில்லை.

மருமகள் நேரே அடுப்படிக்குப் போய்க் கொக்கியை நீக்கினாள். ஆவி அவள் முகம் வரை வந்தது. ஒரு மொச்சையை எடுத்து இரு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். மாவு போல மசிந்தது. ஏழரைக்கு மகன் வந்தான். கதை ஏற்கெனவே அவன் கடைக்கே போய்ச் சேர்ந்திருந்தது. வெளியே சிரிக்காமல் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு பதினோரு தோசை சாப்பிட்டான்.

மருமகள் கடைசியாக உட்கார்ந்து, குழம்பைத் தொட்டு ஒரு வாய் வைத்தாள். மறுபடி ஒரு வாய். பிறகு நிறுத்தினாள்.

"உப்புச் சரியா இருக்கே" என்றாள்.

நல்லதுதானே என்றேன்.

"காலையில ஹாரன் அடிச்சதுல உப்புப் போட மறந்துட்டேன் மாமா. ஜீப்புல போறப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

என் மனைவி தன் தட்டில் கிடந்த ஒரு கறிவேப்பிலையை மிகுந்த கவனத்தோடு ஓரமாக ஒதுக்கினாள். மருமகள் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள்.

"அத்தை, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் ரைட்டராகப் போனாள். இனிமேல் மாதம் பார்த்து, வாரம் பார்த்து இல்லை, நிரந்தரமாக. ஐந்தரைக்குப் பாசிப்பயறும் அரிசியும் கொதித்துப் பெட்டிக்குள் போயின. கொக்கி மாட்டினாள். பிறகு ஒரு பெரிய துண்டை எடுத்து, பெட்டியைச் சுற்றி நான்கு முனையையும் இறுக்கி முடிச்சுப் போட்டு, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன்.

"இது என்கூடயே வரட்டும் மாமா. அங்க இருந்தா வேகும்."

ஜீப்பில் அவளுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் விட்டிருந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் ராத்திரிச் சாப்பாடு தினமும் பதினேழு வளைவு ஏறி, பகல் முழுவதும் கேரளத்தில் இருந்து வெந்து, பதினேழு வளைவு இறங்கி வீட்டுக்கு வருகிறது. ஒரு நாளும் வேகாமல் இருந்ததில்லை. பட்டியலில் பதினோரு சாப்பாடும் முடிந்து இரண்டாம் சுற்று நடக்கிறது. பாயாசம் அவர்கள் சொன்னபடியே சிவந்திருந்தது. மனைவி மொத்தம் எத்தனை தடவை திறந்தாள் என்று பல விதத்தில் கேட்டுப் பார்த்துவிட்டேன், சொல்ல மறுக்கிறாள். என் டைரியில் அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

அந்த முதல் திங்கட்கிழமை பத்தரை மணிக்கு, குளிக்கப் போகிற வழியில் நான் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன். மனைவி ஏற்கெனவே அங்கே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. எதற்கு வந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.